மோட்டார் ரிப்பேரும் மூளை வேலையும்

கையில் கரி படியும் தொழிலுக்கு மூளை வேண்டியதில்லை என்ற எண்ணம் படித்தவர்களாகிய நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. வக்கீல் வழக்கை ஆராய்கிறார். வைத்தியர் நோயை ஆராய்கிறார். மோட்டார் மெக்கானிக் மட்டும் ஏதோ திருகாணியை முறுக்கிக் கூலி வாங்குகிறார் என்று நினைக்கிறோம். இந்த நினைப்பினால் தொழிலுக்கும் கேடு, வண்டியை நம்பி ஏறுகிறவர்களின் உயிருக்கும் கேடு.

சமீபத்தில் நமக்கே நேர்ந்ததைக் கூறுகிறோம். நமது கார் ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் முனகிற்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்த மாத்திரத்தில், "பாட்டரி போய்விட்டது" என்றார். புதுப் பாட்டரி வந்தது. நாலு நாள் ஓடிற்று. ஐந்தாம் நாள் பழைய முனகல். "ஸ்டார்ட்டர் மோட்டாரும் போய்விட்டது" என்றார். அதுவும் மாற்றப்பட்டது. ஒரு வாரத்திற்குள் வண்டி மூன்றாம் முறையாக நின்றது.

பிறகு நண்பர் ஒருவர் வயோதிக மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். அவர் வந்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போது மறுக்கிறதா, சூடாயிருக்கும்போது மறுக்கிறதா? சாவியைத் திருப்புகையில் விளக்குகள் மங்குகின்றனவா? கடைசியாக எதைக் கழற்றினார்கள்? இவ்வளவும் கேட்ட பிறகே மீட்டரை எடுத்தார். பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதில் குற்றமில்லை. அடுத்தபடி மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றொன்றை என்ஜினின் உலோக உடலிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே மின்சாரம் திரும்பும் வழியில் தடையிருக்கிறதென்று அர்த்தம். மீட்டரோ 2 வோல்ட்டைத் தாண்டிற்று. எர்த் கம்பி என்ஜினோடு சேருமிடத்தில் துரு! உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார், வண்டி கிளம்பிற்று. புதுப் பாட்டரியின் பலம் நாலு நாள் அந்தத் துருவை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே.

இருவருக்கும் கை ஒன்றுதான், கருவிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல்வர் ஊகித்து மாற்றினார். இரண்டாமவர் சோதித்து அறிந்தார். நல்ல ரிப்பேருக்கும் கெட்ட ரிப்பேருக்கும் உள்ள பேதத்தில் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

இப்பொழுதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, அதுவே பழுதைச் சொல்லிவிடாதா என்று சிலர் கேட்கக் கூடும். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்து மாடல் முதல் கார்களில் பொதுவான பழுதறியும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. இந்நாட்டுக் கார்களிலும் இன்று அது உண்டு. ஆனால் அந்தக் கருவி சொல்வது என்ன? 'பி 0171' என்ற குறி வந்தால், என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. காற்றுக் குழாய் ஒன்றில் வெடிப்பு இருக்கலாம்; பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம்; காற்றை அளக்கும் கருவியில் அழுக்கு இருக்கலாம். அவசரக்காரர் இவற்றை ஒன்றும் பாராமல், புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றிப் பில் எழுதுகிறார். சேதி கொண்டு வந்தவனைத் தூக்கிலிட்ட ராஜாவின் நியாயந்தான் இது!

கையின் ஒழுக்கமும் அற்பமல்ல. சக்கர நட்டுகளைச் சுற்றுவரிசையில் இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கை அளவு காட்டும் டார்க் ஸ்பானரால் முடிக்க வேண்டும். பல சிறு கார்களுக்கு அந்த அளவு 100 நியூட்டன்-மீட்டரை ஒட்டியது. அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். காற்றுத் துப்பாக்கியால் படபடவென்று ஏற்றிவிட்டு அனுப்பும் பட்டறைகளில் திருகாணி நீண்டு பலமிழக்கிறது. வழியில் பங்க்சரானால் வண்டிக்காரர் ஏறி நின்று மிதித்தாலும் நட்டு அசைவதில்லை.

பிரேக் விஷயத்தில் அலட்சியம் இன்னும் கொடிது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. 'டாட் 4' என்ற ரகம் புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது என்பது விதி. நீர் கலந்த பிறகோ அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைப் பணம் பறிப்பவர் என்று ஏசுகிற கனவான்களை நாம் அறிவோம்.

மெக்கானிக்கின் உயிரும் இதில் சேர்ந்ததே. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பதைத் தைரியமென்று கருதும் இளைஞர்கள் ஏராளம். கீழே ஸ்டாண்டு கொடுக்காமல் உள்ளே நுழையலாகாது. பழைய வண்டிகளின் பிரேக் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாமாதலால், அதைக் காற்றடித்து ஊதவும் கூடாது.

இவையெல்லாம் கல்லூரிப் பட்டத்தால் மட்டும் வருபவையல்ல. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டி யந்திர ஞானம் பெற்று, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். கழற்றுவது யாருக்கும் எளிது. பூட்டுவதில்தான் தொழில் தெரியும். மேற்சொன்ன பெரியவரிடம் தொழில் பழகும் இளைஞர், என்ஜின் மூடியின் உருவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும் போல்ட்டுகளை அதே இடங்களில் குத்தி வைப்பதைப் பார்த்தோம். கனெக்டிங் ராடுகளின் மூடிகளுக்கு எண்ணிட்டு, எதனுடையதை அதற்கே திரும்பப் பூட்டுகிறார். "ஏன்?" என்று அவர் கேட்டால் பெரியவர் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறார். கேள்விக்குக் குட்டும், ஸ்பானர் வீச்சும் பதிலாகக் கிடைக்கும் பட்டறைகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஊகத்தைத் தவிர வேறென்ன கற்க முடியும்?

வண்டிச் சொந்தக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. சோதனைக்குச் செலவிட்ட ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், "பார்த்ததற்கெல்லாமா பணம்?" என்கிறோம், பாட்டரியின் விலையை மட்டும் பேசாமல் கொடுக்கிறோம். அப்படியிருக்க, மெக்கானிக் சோதிப்பானேன், சாமானை மாற்றி விற்கமாட்டாரா? என்ன சோதனை செய்தீர், மீட்டர் என்ன காட்டிற்று என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். நாமும் அந்த முதல் பட்டறைக்குப் போய் நமது பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கேட்டோம். அது அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.