வெள்ளி பூசிய குழாய் வேண்டுமா?

சிறுநீர் வடிகுழாய் பொருத்தப்படும் நோயாளியின் வீட்டார், “கிருமி அண்டாத குழாய் இருக்கிறதாமே, விலை கூடினாலும் அதையே போடுங்கள்” என்று எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான வேண்டுகோள்தான். விடையைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

வடிகுழாய்கள் லேடெக்ஸ், சிலிகோன் முதலிய பாலிமர்களால் ஆனவை. தொட்டால் வழவழப்பாக இருக்கும் அப்பரப்பில், உடலுக்குள் சென்ற சிறிது நேரத்திலேயே உடலின் புரதங்கள் படிகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பசைபோன்ற பொருளைச் சுரந்து அதனுள் குடியேறுகின்றன. இதுவே நுண்ணுயிர்ப் படலம். நெடுநாள் நீர் நின்ற தொட்டியின் உட்புறம் வழுக்குமே, அதுவும் இவ்வகையே. படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தால் அழிப்பது கடினம். பல வேளைகளில் குழாயையே மாற்ற நேரிடும்.

எனவே கிருமி ஒட்டுமுன் தடுக்க முயல்கிறார்கள். நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் மென்பூச்சு ஒரு வழி. இடையில் நிற்கும் நீரடுக்கு புரதம் படிவதைக் குறைக்கிறது. வெள்ளியையோ நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையோ பரப்பில் ஏற்றி, நெருங்கும் கிருமியைக் கொல்வது மற்றொரு வழி.

ஆனால் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாயைப் பற்றி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுமார் 1,600 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. தொற்றினால் மறு அறுவை தேவைப்பட்டவர்கள், சாதாரணக் குழாயில் 100க்கு 6 பேர். மருந்தூட்டிய குழாயில் 2 பேர். வெள்ளிக் குழாயிலோ மீண்டும் 6 பேர்தான்! சிறுநீர்க் குழாயிலும் வெள்ளி ஏமாற்றியது. பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலத்துக்குக் குழாய் பொருத்தப்பட்ட 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வெள்ளிப் பூச்சு தொற்றைக் குறைக்கவில்லை. ஆதலால் சில நாட்களுக்கான குழாய்க்கு அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பூச்சைவிட நாட்களின் எண்ணிக்கையே முக்கியம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 3 முதல் 7 வரை. ஆகவே மருத்துவர் வரும்போதெல்லாம், “இன்று குழாயை எடுத்துவிடலாமா?” என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் குறையாகக் கொள்வதில்லை. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். தரையைத் தொட வேண்டாம். நோயாளியை நடத்திச் செல்லும்போது பையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பவர்களை அடிக்கடி காண்கிறோம். பையிலுள்ள சிறுநீர் உள்ளே திரும்ப அதுவே போதும். குழாயும் பையும் இணையும் இடத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள். குளிர்நடுக்கமோ காய்ச்சலோ கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.