விண்டோஸ் 10-க்குப் பிறகு: பழைய கணினிக்குப் புது பிராசஸர் தேவையா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலை யாருடைய கணினியும் அணைந்துவிடவில்லை. அதனால்தான் பல வீடுகளில் இந்த விஷயம் இன்னும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றே கிடக்கிறது. ஆனால், அதே கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். அக்கா வருமான வரிக்கு இ-ஃபைலிங் செய்கிறார். தம்பி டெலிமா வழியாகப் பள்ளிப் பாடத்தை அனுப்புகிறான். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் இனி அடைபடாது என்றால், கதவுப் பூட்டு கெட்ட வீட்டில் நகையை வைத்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கடையில் கேட்டால் பதில் சுருக்கமாக வரும்: “இது பழசுண்ணே, புதுசு எடுத்திடுங்க.” சில நேரம் அது சரியான ஆலோசனைதான். பல நேரம் இல்லை. ஜொகூர் பாருவில் ஹாலிடே பிளாசா பக்கம் கிளம்புவதற்கு முன், வீட்டிலேயே பத்து நிமிடம் செலவழித்தால் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி மிஞ்சக்கூடும். முதலில் எந்த இயங்குதளம் என்று முடிவெடுங்கள். பிராசஸர் அதன் பிறகு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

(பிராசஸரைச் ‘செயலி’ என்று எழுதலாம்தான். ஆனால், கைப்பேசி ஆப்பையும் நாம் செயலி என்றே சொல்லிப் பழகிவிட்டதால், இந்தக் கட்டுரையில் குழப்பம் வேண்டாம்.)

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, கணினியின் வேகத்தைவிட அதன் தலைமுறையைத்தான் பார்க்கிறது. இன்டெல் என்றால் 2017இல் வந்த 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசை முதல் பெரும்பாலும் கவலையில்லை. 2000 வரிசையில் சில மாடல்கள் தேறும், சில தேறாது. இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஐ7-7700 கொண்ட கணினிக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. அதைவிட மலிவான ஐ3-8100-க்கு உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளை வாங்குவோர் இதைத்தான் கவனிக்க வேண்டும். ‘ஐ7’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6200 என்றால் 6ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை. மடிக்கணினியில் பிராசஸரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. அது போர்டோடு ஒட்டி வருவது.

மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினி தேறுமா என்று சொல்லிவிடும். டிபிஎம் 2.0 இல்லை என்று அது காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். ஓரளவு புதிய கணினிகளில் அந்த வசதி உள்ளுக்குள் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அது இருக்கும். அதை இயக்கிவிட்டால் வேலை முடிந்தது. விண்டோஸ் 10 உரிமம் முறையாக இருந்தால், 11-க்கு மாறக் கட்டணமில்லை.

மேசைக் கணினியின் பிராசஸர் தேறவில்லையா? இங்கேதான் ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். 2017இல் ரைசன் 5 1600 வாங்கியவர், போர்டை மாற்றாமலேயே ரைசன் 5 5500 போன்ற ஒன்றைப் பொருத்த முடியும். இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தான். போர்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5500-ஐ எடுத்தால் திரையில் படமே வராது. அவர்களுக்கு 5600ஜி போன்றது ஏற்றது.

இன்டெலில் கதை வேறு. 7ஆம் தலைமுறைக்கும் 8ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் ஒன்றுதான், 1151. ஆனால், பழைய போர்டில் புதியதைப் போட இன்டெல் இடம் தரவில்லை. போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்படி மாற்றுவதென்றால், சாதாரண வீட்டு வேலைக்கு ஐ3-12100-ம் டிடிஆர்4 ரேம் ஏற்கும் எச்610 போர்டும் போதும் என்பது என் கருத்து. பழைய டிடிஆர்4 ரேம், பெட்டி, எஸ்எஸ்டி எல்லாம் அப்படியே உதவும்.

ரேமை ஏன் காப்பாற்றச் சொல்கிறேன் என்றால், 2025 கடைசியில் அதன் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தத் தரவு மையங்கள் எங்கோ இல்லை. கூலாயிலும் செடெனாக்கிலும் நம் கண்முன்னேதான் எழும்பி நிற்கின்றன.

பணம் இப்போது கைவசம் இல்லை என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் வரும். கட்டணம் 30 அமெரிக்க டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதோடு இணைத்துவிட்டால், இலவசமாகவே பதியலாம்.

மூன்றாவது வழி, விண்டோஸையே விட்டுவிடுவது. உங்கள் வீட்டுக் கணினி பிரவுசருக்கு வெளியே என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். டெலிமா, கூகள் கிளாஸ்ரூம், இ-ஃபைலிங், யூடியூப் இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். இலவசம்; 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. யூஎஸ்பியில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99, ஒலிப்பியல் விசைமுகங்கள் இரண்டும் கிடைக்கும். ஆனால், மைக்ரோசாஃப்ட் ஆபீஸையும் ஃபோட்டோஷாப்பையும் நேரடியாக நிறுவ முடியாது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலிலேயே தட்டச்சுப் பழகிய ஆசிரியர்களுக்கும், யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் கேள்வித்தாள்களைச் சேர்த்து வைத்திருப்போருக்கும் நான் விண்டோஸைத்தான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும், இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே ஓடும் கணினிக்கு முதல் செலவு எஸ்எஸ்டி. எட்டு ஆண்டுப் பழைய கணினி ‘ஊர்ந்து’ போவதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணமில்லை.

புதிதாகத்தான் வாங்குவது என்று முடிவானால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் கணினி, வாழ்க்கைமுறை வரிக்கழிவில் 2,500 ரிங்கிட்டுக்குள் வரும். புத்தகமும் இணையக் கட்டணமும் அதே தொகைக்குள்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கி வருவதுண்டு. வாரன்டி மலேசியாவிலும் செல்லுமா என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒரு ரேமுக்காகக் காஸ்வேயில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

பிராசஸரைக் கழற்றும் முன் இரண்டு காரியம். படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிராசஸர் மாறினால் கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்கலாம். அப்போது கையில் இல்லையென்றால் கடைக்காரரால்கூடத் திறந்து தர முடியாது.