குரலை யாரிடம் கொடுப்பது?

குழாய் ஸ்பீக்கருக்குப் பேசுகிற தொண்டை வேறு, ஸ்டுடியோ மைக்குக்குப் பேசுகிற தொண்டை வேறு. கள்ளக்குறிச்சியில் ஆட்டோ விளம்பரம் பதிவு செய்து பிழைக்கிறவன் நான். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கோயில் கும்பாபிஷேகம், கண் சிகிச்சை முகாம் என்று ஊருக்குள் ஓடுகிற அறிவிப்புகளில் பாதியாவது என் கடையில் பேசியதாக இருக்கும். குழாயில் அடிக்குரல் எடுபடாது. தெருவைத் தாண்ட வேண்டுமானால் தொண்டையை இறுக்கிக் கொஞ்சம் கத்தத்தான் வேண்டும். அதே பேச்சை ஸ்டுடியோவின் கண்டென்சர் மைக் முன்னால் பேசினால், ஹெட்போன் போட்டிருப்பவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார்.

சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்தும், மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்தும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். "அண்ணே, வாய்ஸ் ஓவருக்கு டெமோ போடணும். சென்னையில யாருகிட்ட போறது?" என்பதுதான் கேள்வி. என் கடையிலேயே போட்டுத் தரலாம்; காசும் வரும். ஆனால் அது என் வேலை இல்லை. நான் குழாய்க்காரன்.

டெமோ என்பது உங்கள் குரலின் மாதிரி. பெரும்பாலும் 60 முதல் 90 விநாடி. விளம்பரத்துக்கு ஒன்று, விளக்கப் படத்துக்கு ஒன்று, கதை வாசிப்புக்கு ஒன்று, பாத்திரக் குரல்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது வழக்கம். கேட்கிறவர் நாலைந்து குரல்களை அடுத்தடுத்து ஓடவிட்டுத் தேர்வு செய்கிறவர். முதல் சில விநாடிகளில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். அதனால் இருப்பதிலேயே நல்லதை முதலில் வைப்பார்கள்.

அந்த மாதிரியை நம்பித்தான் ஒருவர் வேலை தருகிறார். வேலைக்குப் போகிற அன்று அதே குரல் உங்களிடம் இருக்க வேண்டும். டெமோ போட்டுத் தருகிற தயாரிப்பாளரைத் தேர்வு செய்ய நான் சொல்கிற எல்லா யோசனையும் இதிலிருந்துதான் வருகிறது.

சங்கராபுரம் பக்கத்தில் தெருக்கூத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன். விடிய விடிய மைக் இல்லாமலே களத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுகிற தொண்டை. சென்னையில் ஓர் இடத்தில் டெமோ போட்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினான். பிரமாதமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு வரியையும் பத்து இருபது முறை பேசவைத்து, நல்ல சொற்களாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இழுவையைக் கணினியில் சுருக்கி, குரலுக்கு அடியில் கனம் ஏற்றி, மேலே இசையைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அரை மணி நேரம்தான் ஸ்டுடியோ. டெமோவில் இருந்த குரல் வரவில்லை. போக வர பஸ் காசு போனதுதான் மிச்சம்; அந்த இடத்திலிருந்து மறுபடி போன் வரவில்லை.

அந்தப் பையனிடம் குறை இல்லை. கூத்துத் தொண்டையை மைக்குக்கு இறக்கிக் கொண்டுவர யாராவது பக்கத்தில் நின்று சொல்லித் தந்திருக்க வேண்டும். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லில் அழுத்தத்தை விடுவது என்று சொல்கிறவர்தான் தயாரிப்பாளர். பதிவு செய்கிற பொத்தானை அழுத்துகிறவர் சவுண்ட் இன்ஜினியர். இரண்டு வேலையையும் ஒருவரே செய்யலாம், தப்பில்லை. ஆனால் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறவர்கள் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் முன்பு போட்டுக் கொடுத்த டெமோக்களில் ஐந்தாறு கேட்டு வாங்குங்கள். எல்லாக் குரலும் ஒரே மாதிரி சிரித்து, ஒரே இடத்தில் இசை ஏறி இறங்கினால், உங்களுக்கும் அதே அச்சுதான். ஆளுக்கு ஆள் ஸ்கிரிப்ட் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். டி.வி.யில் ஓடிய விளம்பரத்தையே திரும்பப் பேசவைத்தால் வேண்டாம்: கேட்கிறவர் மனதில் அசல் குரல் ஓடும், உங்கள் குரல் ஓடாது.

அடுத்தது, பணத்தைப் பேசுவதற்கு முன்னால் அவர் உங்களைப் பேசவைக்கிறாரா என்பது. கரியாலூர் பக்கத்துப் பெண் ஒருத்தியை நல்ல தயாரிப்பாளர் ஒருவர் முதலில் ஸ்கிரிப்டையே தொடவிடவில்லை. மரவள்ளிக் கிழங்கு எப்படிப் பிடுங்குவீர்கள், லாரி எப்போது வரும் என்று கேட்டுப் பேசவிட்டாராம். அவள் அலட்டாமல் பேசுகிற அந்தத் தொனியைப் பிடித்து, அதற்கேற்ப வங்கி அறிவிப்பும் மருந்து விளக்கமும் எழுதிக் கொடுத்தார். பாத்திரக் குரல் வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றும் சொன்னார். விற்க வேண்டிய சரக்கை வேண்டாம் என்று சொல்கிறவரை நம்பலாம்.

"டெமோ போட்டால் சினிமா டப்பிங் நிச்சயம்" என்று எவராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சினிமா டப்பிங்குக்குச் சென்னையில் சங்கம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை கேட்பார்கள். அகில இந்திய வானொலி தன் குரல் தேர்வைத் தானே நடத்துகிறது. நடிகர் விக்ரம் பெயர் எடுப்பதற்கு முன்னால் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். அந்தக் குரலை 90 விநாடி ஃபைல் உண்டாக்கவில்லை.

கையில் என்ன வாங்க வேண்டும்? இசை சேர்த்த ஃபைல், இசை இல்லாத ஃபைல், வெட்டாத மூலப் பதிவு மூன்றையும் வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் ஃபைல் நிமிடத்துக்கு எட்டரை எம்.பி.க்கு மேல் வரும். அதையே 192 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக்கினால் ஒன்றரை எம்.பி.க்குள் அடங்கும். மலையில் சிக்னல் கிடைக்கிற திட்டில் நின்று அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். டெமோவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பாதீர்கள்.

வெட்டாத மூலப் பதிவு அவர்களிடமும் இருக்கும் என்பதால் இன்னொரு கவனமும் வேண்டும். சுத்தமாகப் பதிவான குரல் கொஞ்சம் இருந்தாலே கணினியில் அதே குரலை வார்த்துவிடலாம் என்ற காலம் இது. 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் குரலை அனுமதியில்லாமல் போலி செய்வதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெரிய பாடகர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது. வெள்ளிமலைப் பிள்ளைக்குக் கையில் ஒரு தாள் வேண்டும். 'இந்தப் பதிவைக் குரல் நகலுக்கோ கணினிப் பயிற்சிக்கோ பயன்படுத்த மாட்டேன், வேறு யாருக்கும் தர மாட்டேன்' என்று இரண்டு வரி தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

காசு விஷயத்தில், மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று பிரித்துக் கேளுங்கள்: ஸ்கிரிப்ட், இயக்கம், ஸ்டுடியோ வாடகை, இசை உரிமை, திருத்தம் எத்தனை முறை. ஒரு நாள் வகுப்பும் அன்று மாலையே டெமோவும் சேர்ந்த பேக்கேஜில் சேராதீர்கள். காலையில் கற்றது மாலைக்குள் தொண்டையில் படியாது.

கடைசியாக ஒரு சோதனை. முடிந்த டெமோவைத் தயாரிப்பாளர் கொடுக்கும்போது, அதிலுள்ள ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்து, வெட்டு ஒட்டு இல்லாமல் மூன்றே டேக்கில் அவர் முன்னாலேயே பேசிக் காட்டுங்கள். டெமோவுக்குப் பக்கத்தில் அது நின்றால் ஊரெல்லாம் அனுப்பலாம். நிற்கவில்லை என்றால், நல்ல தயாரிப்பாளர் டெமோவை உங்கள் அளவுக்குக் குறைத்துத் தருவார். அப்படிக் குறைக்கச் சம்மதிப்பாரா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.