சீயக்காய்க்கு நுரை போதாதா?

நுரை பொங்கினால்தான் தலையில் அழுக்குப் போகும் என்று யார் சொன்னது? பழனி மலைக் காடுகளில் தேனோடும் கடுக்காயோடும் பளியர் பழங்குடியினர் சேகரித்து வரும் சீயக்காயையே எடுத்துக்கொள்வோம். மரங்களைப் பற்றி ஏறும் முள்கொடி அது. அதன் காயில் சப்போனின் என்றொரு பொருள் இருக்கிறது. எண்ணெயைத் தண்ணீரோடு சேரவைத்துப் பிசுக்கைக் கழற்றுவது அதுதான். நுரை வெறும் உபரி. சோப்பு காரத்தன்மை கொண்டது. உப்புத் தண்ணீரில் திரிந்து, வெள்ளையாக முடியில் படியும். சீயக்காய்க் கரைசலுக்கு லேசான புளிப்புத்தன்மை; அப்படிப் படிவதில்லை.

கண் எரிகிறதே, முடி வறண்டு போகிறதே என்பீர்கள். நியாயம்தான். சப்போனின் கண்ணுக்கு ஆகாது. அளவு மிஞ்சினால் முடிக்கு வேண்டிய எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால்தான் அரைக்கும்போதே வெந்தயமும் பச்சைப்பயறும் கூடச் சேர்ந்தன. வெந்தயத்தின் வழவழப்பு முடியின் மேல் மெல்லிய பூச்சாக நிற்கும். ஷாம்பு வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் பாட்டிலில் சீயக்காய்ப் படம் போட்டு, உள்ளே இருப்பது பொங்கிப் பொங்கி நுரைத்தால், அந்த நுரை பெரும்பாலும் வேறு ரசாயனத்தினுடையது.