விளைபொருளுக்குப் பெயர் தேடுவோம்: வீதி வியாபாரம் தரும் விற்பனைப் பாடங்கள்

உழவு முதல் அறுவடை வரை விதை, உரம், நீர், கூலி என ஒவ்வொன்றுக்கும் நாம் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் மூட்டையை மண்டியில் இறக்கியவுடன் நம் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். அங்கே நம் பொருள் மற்றவர் பொருளோடு கலந்து, யாருடையது என்ற அடையாளத்தை இழக்கிறது. பக்குவம் பார்த்துப் பறித்தவருக்கும், பிஞ்சும் சொத்தையும் சேர்த்து வாரிக் கொட்டியவருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். தரத்திற்காகப் பட்ட பாடு வீணாகிறது.

பொருளுக்குப் பெயர் உண்டாக்க விளம்பரச் செலவு வேண்டும், அது பெரிய நிறுவனங்களுக்கே இயலும் என்று பலர் கருதுகின்றனர். ஓரிரு ஏக்கர் வைத்திருப்போருக்கு அவ்வளவு செலவு இயலாது, தேவையும் இல்லை. நம் வீதியில் நாள்தோறும் காணும் சிறு தொழில் செய்வோரிடமே இதற்கான வழிகள் உள்ளன.

சலவைக்குறி

பல வீட்டுத் துணிகளை ஒன்றாக வெளுக்கும் சலவைத் தொழிலாளி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருப்பது வழக்கம். சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடப்படும் இரு புள்ளியோ ஒரு கோடோதான் அது. எத்தனை முறை வெளுத்தாலும் அழியாது. எத்தனை துணிகள் கலந்தாலும் உரியவர் வீட்டுக்கே போய்ச் சேரும். அந்தக் குறியில் அழகு இல்லை. ஆனால் அது எளியது, மாறாதது.

நீங்களும் பனைமரம், ஏற்றம், கிணறு என ஏதேனும் ஒன்றை உங்கள் குறியாகக் கொள்ளலாம். அதை ஒரு ரப்பர் முத்திரையாகச் செய்து காகிதச் சீட்டில் பதித்து, மூட்டையிலோ கூடையிலோ கட்டுங்கள். சீட்டில் உங்கள் பெயர், ஊர், பயிர் இரகம், அறுவடை நாள், எடை, தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். ஒருமுறை வைத்த குறியை மாற்றக் கூடாது.

தர்ப்பூசணிக் கீற்று

தர்ப்பூசணி விற்பவர் பழத்தைப் பற்றிப் பேசுவதைவிட, ஒன்றை அறுத்துச் சிவப்பாக வைத்திருப்பதே அதிகம் விற்கிறது. பானை விற்பவரும் விரலால் தட்டி ஓசையைக் கேட்கச் செய்கிறார். விரிசல் உள்ள பானை கணீரென்று ஒலிக்காது. வாங்குபவர் தாமே சோதித்து அறியும்படி விற்பதே சிறந்த விளம்பரமாகும்.

மஞ்சள் விற்போர் விரலை ஒடித்து உள்நிறத்தைக் காட்டலாம். பாரம்பரிய அரிசி விற்போர், ஒரு வேளை சமைக்கும் அளவு மாதிரி கொடுத்து அனுப்பலாம். மாதிரிக்கு ஒரு தரம், மூட்டைக்கு ஒரு தரம் என்று மட்டும் இருக்கக் கூடாது.

கடலை வண்டி

வறுகடலை வண்டிக்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டும் ஓசை கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருகின்றனர். அவர் நாள்தோறும் அதே நேரத்தில், அதே வழியே வருவதே இதற்குக் காரணம். ஒரு நாள் வந்து பத்து நாள் வராவிட்டால் அந்த ஓசைக்குப் பொருள் இராது.

இதற்குச் சாகுபடித் திட்டமும் தேவை. எடுத்துக்காட்டாக, சிறுகீரை சுமார் 25 நாட்களில் பறிப்புக்கு வரும். நிலத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்து வந்தால், ஒரு மாதத்துக்குப் பின் வாரந்தோறும் ஒரு பாத்தி பறிப்புக்குக் கிடைக்கும். குறித்த கிழமையில், குறித்த இடத்தில் விற்றால் வாடிக்கை நிலைக்கும்.

கொசுறும் மஞ்சள் பையும்

பூக்காரர் முழம் போட்டு அளந்தபின் சற்று நீட்டிவிட்டுத்தான் நறுக்குகிறார். காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிடைக்கிறது. தோட்டத்தில் உள்ள கறிவேப்பிலைக்கு நமக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் எடை சரியாக இருந்தால்தான் கொசுறுக்கு மதிப்பு.

ஜவுளிக்கடையின் மஞ்சள் பை, துணி கிழிந்த பிறகும் கடையின் பெயரை ஊரெங்கும் சுமந்து திரியும். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. எனவே நிலையான வாடிக்கையாளருக்கு உங்கள் குறி பதித்த துணிப்பை ஒன்று கொடுத்து, அடுத்த முறை அதையே கொண்டுவரச் சொல்லலாம்.

தரம் பிரிப்பதில் உள்ள கணக்கு

குறிக்கு மதிப்பு தருவது தரம் பிரித்தலே ஆகும். 100 கிலோ தக்காளியைக் கலந்து, கிலோ 15 ரூபாய்க்கு விற்றால் 1,500 ரூபாய் வரும் எனக் கொள்வோம். அதையே பிரித்து, ஒரே அளவான முதல் தரம் 60 கிலோவை 20 ரூபாய்க்கும், நடுத்தரம் 30 கிலோவை 14 ரூபாய்க்கும், கழிவு 10 கிலோவை 5 ரூபாய்க்கும் விற்றால் 1,670 ரூபாய் கிடைக்கும். பிரிக்கும் கூலி 60 ரூபாய் போக, மிகுதி 110 ரூபாய். உங்கள் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். தரத்துக்கு விலை கொடுக்காத மண்டியில் பிரித்தும் பயனில்லை. அத்தகைய இடங்களில், மதுரையில் 1999-ஆம் ஆண்டு தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தை போன்ற நேரடி விற்பனையை நாடுவது நல்லது.

ஊரின் பெயரும் ஒரு சொத்து

மதுரை மல்லி 2013-லும், ஈரோடு மஞ்சள் 2019-லும் புவிசார் குறியீடு பெற்றன. இப்பெயர்கள் தனியொருவருக்குச் சொந்தமல்ல. அப்பகுதி உழவர்கள் அனைவரின் பொதுச் சொத்து. ஒருவர் வேறிடத்துப் பொருளைக் கலந்து விற்றால் எல்லோர் விலையும் கெடும்.

கவனிக்க வேண்டியவை

1. அக்மார்க் முத்திரையையோ இயற்கை வேளாண் இலச்சினையையோ உரிய சான்று பெறாமல் அச்சிடக் கூடாது.

2. எண்ணெய், மாவு, ஊறுகாய் போன்றவற்றைப் பொட்டலமிட்டு விற்குமுன் உணவுப் பாதுகாப்பு அலுவலரை அணுகிப் பதிவு அல்லது உரிமம் பெற வேண்டும்.

3. உண்ணும் பொருளைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது. அச்சு மை உடலுக்குக் கேடு செய்யும்.

4. குறையுள்ள பொருள் போய்விட்டால் வாதிடாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரு பெயர் நிலைக்கப் பல பருவங்கள் ஆகும். கெடுவதற்கு ஒரு மூட்டை போதும். ஆகவே விவசாயப் பெருமக்கள் முழு விளைச்சலையும் ஒரேயடியாக இம்முறைக்கு மாற்றாமல், இப்பருவத்தில் ஒரு பயிரில், சிறு பகுதியில் தொடங்கலாம். வரவு செலவைக் குறித்து வைத்து, பலன் கண்டபின் விரிவுபடுத்துவது நலம்.