99 வேலை, 16 பதிவு, ₹1,300: ஒரு வீட்டின் செயலிக் கணக்கு

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகரம். கணவன், மனைவி, ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன், கூடவே பாட்டி. இந்த வீட்டில் தேதி தவறாமல் முடிக்க வேண்டிய வேலைகள் ஆண்டுக்கு எத்தனை? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் 6. அரையாண்டுக்கு ஒன்றாகச் சொத்து வரி 2. நான்கு சிம்களுக்கு 28 நாள் ரீசார்ஜ், சிம்முக்கு 13 வீதம் 52. இரண்டு பிள்ளைகளுக்கும் பருவத்துக்கு ஒன்றாகப் பள்ளிக் கட்டணம் 6. எல்.ஐ.சி. காலாண்டு பிரீமியம் 4. அஞ்சலக ஆர்.டி. 12. ரேஷன் 12. ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் 1, புகைச் சான்று 2. மருத்துவக் காப்பீடு 1, வருமான வரிக் கணக்கு 1. கூட்டினால் 99. கல்யாணம், காதுகுத்து, பல் டாக்டர் எதுவும் இதில் சேரவில்லை.

99-இல் பாதிக்கு மேல் ரீசார்ஜ்தான் என்பதைக் கவனியுங்கள். 84 நாள் திட்டத்துக்கு மாறினால் அந்த 52 சுமார் 17 ஆகிவிடும். ஆனால் மூன்று மாதப் பணத்தை மொத்தமாக எடுத்து வைக்க எல்லா வீட்டாலும் முடியாது. ஆகவே 28 நாள் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

இத்தனையையும் இணையக் காலண்டரில் ஏற்ற 99 முறை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. 2006 ஏப்ரலில் வந்த கூகுள் காலண்டரிலும் அதைப் போன்ற மற்றவற்றிலும் ஒரு வேலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை வேண்டுமானாலும் திரும்ப வரச் செய்யலாம். 28 நாள் என்பது சரியாக 4 வாரம். ஒரு சிம்முக்கு ஒரு பதிவு போதும், ஆண்டின் 13 ரீசார்ஜும் அதில் அடங்கிவிடும். இப்படி எண்ணினால் சிம்களுக்கு 4, பள்ளிப் பருவங்களுக்கு 3, மற்ற 9 வகைக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 16 பதிவு. ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 32 நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கொதித்து இறங்குவதற்குள் முடிகிற வேலை.

பதினேழாவதாக நான் எல்லோருக்கும் சொல்லும் பதிவு ஒன்று உண்டு: பொங்கல் டிக்கெட். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாள் இந்த 60-இல் சேராது. ஜனவரி 13 அன்று ஊருக்குப் புறப்பட வேண்டுமானால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். பொங்கல் சூரியக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாளுக்கு மேல் நகர்வதில்லை. எனவே ‘நவம்பர் 14, காலை 7.45’ என்று ஒரு தடவை எழுதி, ஆண்டுதோறும் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தீபாவளிக்கு இது நடக்காது. ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்து 60 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்.

தாத்தாவின் திதியும் அப்படியே. ஒரு அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள். 12 அமாவாசைக்கு 354 நாள்தான் ஆகும். ஆங்கில ஆண்டுக்கு 11 நாள் குறைவு. ‘மாதந்தோறும்’, ‘ஆண்டுதோறும்’ என்ற எந்தப் பொத்தானும் இதைப் பிடிக்காது. நட்சத்திரப் பிறந்தநாளுக்கும் இதே சிக்கல்தான். சிவகாசி தினசரி காலண்டர் சுவரில் இருக்கட்டும்; தை மாதம் அது வந்ததும் ஆண்டு முழுமைக்குமான திதி, அமாவாசை, கிருத்திகையைப் பாட்டியைக் கேட்டு ஒருவர் ஒரே மூச்சில் செல்போனில் ஏற்றிவிடலாம்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமான வரி. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024 ஆய்வில் அது 289, 88 என்று ஆனது. இரு பக்கமும் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201-க்கு வந்திருக்கிறது, அவ்வளவே. இதற்கு மேல் எந்தத் தேதி என்று வருகிறது, எதற்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கும் பெரும்பாலும் அம்மாவினுடையதே. காலண்டரை அவர் செல்போனில் மட்டும் வைத்தால் தலையில் இருந்த சுமை கைக்கு வரும், ஆள் மாறாது. கூகுளில் 6 பேர் வரை ஒரு குடும்பக் குழுவாகச் சேரலாம். சேர்ந்ததும் எல்லோருக்கும் பொதுவான ஒரு காலண்டர் தானாகவே வந்துவிடும். மகள் தன் ரீசார்ஜையும் பாட்டியுடையதையும் எடுத்துக்கொண்டால் 26 வேலை. அப்பா தன்னுடைய 13, அம்மா தன்னுடைய 13. மீதி 47-ஐ இருவரும் 24, 23 என்று பிரித்துக்கொள்ளலாம். யார் பெயருக்கு எது என்பதைப் பதிவின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: ‘கரண்ட் பில் – அப்பா’. மணி எல்லோருக்கும் அடிக்கும், பொறுப்பு ஒருவருக்கு இருக்கும்.

தேதி தவறினால் எவ்வளவு போகும்? சென்னையில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5% தள்ளுபடி, உச்சவரம்பு ₹5,000. அரையாண்டு வரி ₹4,000 என்றால் ஆண்டுக்கு ₹400 கையில் நிற்கும். அஞ்சலக ஆர்.டி.யில் தவணை தவறினால் ₹100-க்கு ₹1 அபராதம். மாதம் ₹2,000 கட்டுபவருக்கு ₹20 மட்டுமே. ஆனால் 4 தவணை தவறினால் கணக்கே நின்றுவிடும். வருமான வரிக் கணக்கைக் கெடு தாண்டித் தாக்கல் செய்தால், வருமானம் ₹5 லட்சம் வரை உள்ளவருக்கு ₹1,000, அதற்கு மேல் ₹5,000 வரை தாமதக் கட்டணம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி முதல் தடவை பிடிபட்டால் ₹2,000. அதைவிட வலிப்பது வேறு: காப்பீடு காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஆண்டுக்கணக்கில் விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த, 50% வரை போகக்கூடிய நோ-கிளெய்ம் போனஸ் கைவிட்டுப் போகும். சின்ன வரவு செலவையே எடுத்துக் கூட்டிப் பார்த்தால் 400 + 20 + 1,000 + 2,000 = ₹3,420. எதிர்ப்பக்கத்தில் அந்த 32 நிமிடம்.

இனி பணம். காலண்டருக்கு ₹0. மளிகைப் பட்டியலைப் பகிர கூகுள் கீப்போ மைக்ரோசாஃப்ட் டு டூவோ ₹0. பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன், எண்ணிக்கை வரம்பில்லாமல், எல்லாக் கருவிகளிலும் ₹0. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், மதிப்பெண் பட்டியல் வைக்க 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர், ₹0. நாமே ஏற்றும் ஆவணங்களுக்கு அதில் 1 ஜி.பி. இடம். பக்கத்துக்கு 1 எம்.பி. என்றால் 1,000 பக்கம், ஒரு குடும்பத்தின் பீரோவுக்கு இது தாராளம். வழங்கும் துறையிலிருந்து நேரடியாக வந்து சேரும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று சட்ட விதியும் உண்டு. வண்டிக் காகிதங்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

பணம் கேட்கும் இடம் படங்களும் வீடியோக்களும்தான். ஜிமெயில் 2004-இல் 1 ஜி.பி.யோடு வந்தது. அஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்குமாக 15 ஜி.பி. என்று ஆனது 2013-இல். பத்தாண்டுக்கு மேலாக அதே அளவுதான். 2021 ஜூன் 1 வரை சுருக்கிய படங்கள் இதில் சேராமல் இருந்தன, அன்றிலிருந்து சேர்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு செல்போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15-க்குள் வந்துவிட்டது. ஒரு படம் 3 எம்.பி. என்றால் 15 ஜி.பி.யில் 5,000 படம். நாளுக்குப் 10 எடுத்தால் 500 நாளில் நிரம்பும். வீடியோ நிமிடத்துக்கு 100 எம்.பி. என்றால் 150 நிமிடம்தான். மகனின் ஆண்டுவிழா நடனம் 12 நிமிடம் ஓடினால் 1.2 ஜி.பி., அதாவது 400 படத்தின் இடம்.

அதனால்தான் இடம் வாங்குவதற்கு முன்னால் நீள வீடியோக்களைத் துழாவச் சொல்கிறேன். அப்படியும் போதவில்லை என்றால் 100 ஜி.பி. திட்டம் மாதம் ₹130, ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ₹1,300. மாதாமாதம் கட்டினால் ₹1,560, ₹260 கூடுதல். ஒருவர் வாங்கி குடும்பக் குழுவில் பகிரலாம் என்பதால் ஐந்து பேருக்கும் சேர்த்து நாளுக்கு ₹3.56. நம் வீட்டின் செயலிக் கணக்கில் ரூபாயில் எழுத வேண்டிய ஒரே வரி இது.

இதற்கு மேல் செலவு வைப்பவை மாதச் சந்தா கேட்கும் அழகான திட்டமிடல் செயலிகள். மாதம் 5 டாலர் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆண்டுக்கு 60 டாலர், டாலருக்கு ₹90 வைத்தால் ₹5,400, 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ₹6,372. மூன்று செயலி என்றால் ₹19,116. ஒரு அலுவலகத்தின் குழுவுக்கு இது நியாயமான செலவாக இருக்கலாம். ஒரு வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து; மேலே சொன்ன 99 வேலையில் ஒன்றுகூட இலவசக் காலண்டரால் முடியாதது கிடையாது. ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று துணை நிற்கிறது. கார்டில் தானாகப் பிடிக்கப்படும் சந்தாவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காது என்பதால், அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கும் நேரம்தான் நிறுத்துவதற்கான நேரம்.

வரவு செலவு எழுத கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு கோப்பில் 1 கோடி கட்டம் வரை கொள்ளும். நாளுக்குப் 10 வரி, வரிக்கு 5 கட்டம் என்றால் ஆண்டுக்கு 18,250 கட்டம். 547 ஆண்டு எழுதலாம். இடம் பிரச்சினையே இல்லை, நேரம்தான். வரிக்கு 20 நொடி வீதம் தினமும் 10 வரி எழுதினால் ஆண்டுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகும். இரண்டு மாதத்தில் சலித்து நிறுத்துவதற்கு இதுவே காரணம். யு.பி.ஐ. செலவெல்லாம் வங்கிக் கணக்கில் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து பால், மளிகை, பெட்ரோல், பள்ளி என்று வகைக்கு ஒரு தொகையாக 15 வரி எழுதினால் 5 நிமிடம். ஆண்டுக்கு 4 மணி 20 நிமிடம். இது தாக்குப்பிடிக்கும்.

எந்தச் செயலியைத் தேர்ந்தாலும் அதன் ஆயுளையும் கணக்கில் வையுங்கள். பெர்லினில் 2010-இல் பிறந்த வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே 6 அன்று மூடியது. சன்ரைஸ் காலண்டர் 2013 முதல் 2016 வரை. கூகுள் ரீடர் 2005 முதல் 2013 வரை. படிக்க வேண்டியதைச் சேர்த்துவைக்கும் பாக்கெட் 2007 முதல் 2025 வரை. 10, 3, 8, 18. சராசரி பத்தாண்டுக்கும் சற்றுக் குறைவு. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு ப்ளஸ் டூ வரை வராது. மூடாமல் இறுக்குவதும் உண்டு: எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று வரம்பு போட்டது.

ஆகவே சேர்வதற்கு முன்பே வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். காலண்டர்களுக்கு ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998 முதல் இருக்கிறது. ஒன்றில் இறக்கியதை இன்னொன்றில் ஏற்றலாம். கூகுளில் 2011 முதல் டேக்-அவுட் வழியாக எல்லாவற்றையும் மொத்தமாகத் தரவிறக்கலாம். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என்று ஆண்டுக்கு இருமுறை எடுத்து ஒரு பென் டிரைவில் போட 15 நிமிடம் வீதம் 30 நிமிடம்.

கணக்கு வைத்திருப்பவரின் ஆயுளும் இதில் சேர்ந்ததே. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கூகுள் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அந்நிறுவனம் நீக்கலாம் என்பது விதி. பாட்டியின் செல்போனில் இருக்கும் படங்களும் அவர் குரலும் அவருடைய கணக்கில்தான் இருக்கின்றன. செயல்படாத கணக்கு நிர்வாகி என்ற அமைப்பில் 3, 6, 12, 18 மாதம் என நான்கில் ஒரு காலத்தையும், அதன்பின் தரவைப் பெற வேண்டியவர்களாக 10 பேர் வரையும் குறிக்கலாம். அவரோடு உட்கார்ந்து, யாருக்கு எதைக் கொடுக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு நிரப்புங்கள். அஞ்சல் வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்று அவர் சொன்னால் அதையும் அங்கே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.