கப்பலில் கார் ஏறும், காப்புறுதி ஏறுமா?

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகும் மலேசியக் குடும்பங்கள் அங்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால், ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை ஃபெர்ரியில் ஏற்றிக் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோவது முற்றிலும் வேறு விஷயம். கார் கப்பலில் ஏறிவிடும். அதன் காப்புறுதியும் கூடவே ஏறுமா என்பதுதான் கேள்வி. இதைக் கேட்காமல் புறப்பட்டவர், ஒரே ஒரு விபத்தில் காரின் முழு விலைக்கும் பொறுப்பாளி ஆகிவிடக்கூடும்.

இந்தச் சிக்கல் இங்குள்ள பலருக்கு அறிமுகமாகாததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கும் மலாக்காவிலிருந்து சுமத்ராவின் டுமாய்க்கும் போகும் விரைவுப் படகுகள் ஆட்களை மட்டுமே ஏற்றுகின்றன. காருக்கு அங்கே இடமில்லை. மறுகரையில் இறங்கியதும் ஓட்டுநரோடு ஒரு வண்டியை அமர்த்திக்கொள்வதுதான் வழக்கம். ஐரோப்பாவில் நிலைமை வேறு. கார்களையும் லாரிகளையும் நூற்றுக்கணக்கில் அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு, நாட்டுக்கு நாடு தினமும் ஓடும் கப்பல்கள் அங்கே ஏராளம்.

அவற்றுள் மலேசியக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒரு பாதை, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ளது. 1996ஆம் ஆண்டு பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, மாணவர்கள் முதல் ஆண்டுகளை டப்ளினிலும் மருத்துவமனைப் பயிற்சியைப் பினாங்கிலும் பெறும் வகையில் ஏற்பாடு செய்யப்பட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர், முதலில் லண்டனில் இறங்கி ஊர் சுற்றிவிட்டுப் பிறகு டப்ளினுக்குப் போகத் திட்டமிடுவது இயல்பு. லண்டனில் எடுத்த காரிலேயே வேல்ஸ் மலைகளைப் பார்த்தபடி ஹோலிஹெட் துறைமுகம் போய், காரோடு கப்பலேறி டப்ளினில் இறங்கிவிடலாமே என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. சாலை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். கப்பல் பயணம் மூன்றேகால் மணி நேரம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

டிக்கெட் வேறு, ஒப்பந்தம் வேறு

கப்பல் நிறுவனம் காரின் பதிவு எண்ணையும் நீள உயரத்தையும் கேட்டு டிக்கெட் கொடுத்துவிடும். கார் யாருடையது, அதைக் கடல் கடத்த உரிமையாளர் அனுமதித்தாரா என்பதைச் சரிபார்ப்பது அதன் வேலையல்ல. டிக்கெட் கிடைத்துவிட்டதால் எல்லாம் சரி என்று நினைப்பதுதான் முதல் தவறு.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில், காரை எந்தெந்த நாட்டில் ஓட்டலாம் என்று ஒரு விதி இருக்கும். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோனால் அது ஒப்பந்த மீறல். ஒப்பந்தம் மீறப்பட்டதும், காருக்கு ஏற்படும் சேதத்திலிருந்து காப்பாற்றும் பாதுகாப்பும் போய்விடுகிறது. மற்ற நாட்களில் விபத்து நடந்தால், ‘எக்சஸ்’ எனப்படும் ஒரு குறிப்பிட்ட தொகையோடு வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு முடிந்துவிடும். பாதுகாப்பு போனபின் அந்த உச்சவரம்பே இல்லை. பழுதுபார்க்கும் செலவு, கார் ஓடாத நாட்களுக்கான இழப்பு, கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவரும் செலவு என எல்லாமே அவர் தலையில்தான்.

அனுமதி கேட்டால் சில நிறுவனங்கள் தரும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பிரிட்டனில் பதிவான வாடகைக் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ‘விஇ 103’ என்ற சான்றிதழ் வேண்டும். காரின் அசல் பதிவுப் பத்திரத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் தாள் இது. இதைத் தயாரிக்க நாள் பிடிக்கும் என்பதால், கார் எடுக்கும் முகப்பில் வந்து நின்று கேட்டுப் பயனில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். “பரவாயில்லை, கொண்டுபோங்கள்” என்று ஊழியர் வாயால் சொல்வது போதாது. நாட்டின் பெயர், கப்பல் பயணம், பழுதானால் அந்த நாட்டிலும் உதவி கிடைக்குமா என்ற விவரம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நடுக்கடலில் கார் யார் பொறுப்பு?

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. சாலையில் ஓடும்போது ஒரு காப்புறுதி, மறுகரையில் ஓடும்போது அதன் நீட்டிப்பு என்று வைத்துக்கொண்டாலும், அலையில் கப்பல் ஆடிப் பக்கத்து லாரி காரில் உரசினால் என்ன ஆகும்? கடலில் இருக்கும் நேரத்தை விலக்கிவிடும் வாடகை ஒப்பந்தங்கள் உண்டு.

அப்போது பயணி கப்பல் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அனைத்துலகக் கடல் பயணத்தில் கப்பல்காரரின் பொறுப்பை வரையறுப்பது 1974ஆம் ஆண்டு ஏதென்ஸ் உடன்படிக்கை. 2002இல் திருத்தப்பட்ட அந்த உடன்படிக்கை 2014ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு வாகனத்துக்கும் அதிலுள்ள பொருட்களுக்கும் சேர்த்துப் பொதுவாகக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச இழப்பீடு 12,700 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஓர் அலகு ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்புடையது. வாகனச் சேதத்தில் 330 எஸ்டிஆர் வரை கழித்துக்கொள்ளவும் கப்பல் நிறுவனத்துக்கு இடமுண்டு. புதிய கார் ஒன்றின் விலை இந்த உச்சவரம்பைத் தாண்டிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியும் சேதம் என்றால், காரைத் திரும்பப் பெறும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை. வெளியே தெரியாத சேதத்துக்கு 15 நாள் அவகாசம். எனவே கப்பலின் கதவு திறந்ததும் மற்ற கார்களோடு அவசரமாக வெளியேறாமல், ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்றும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் பின்னால் வாதம் இருக்காது. பயண நேரத்தில் கார்த் தளத்தில் ஆட்கள் இருக்க அனுமதியில்லை. ஆகவே கடப்பிதழையும் மருந்துகளையும் காரில் விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போகக்கூடாது.

காரை விட்டுவிட்டு ஏறுவதே எளிது

அப்படியானால் என்னதான் செய்வது? பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை ஒன்றுதான். இந்தக் கரையில் எடுத்த காரை இந்தக் கரையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆளாகக் கப்பலேறி, மறுகரையில் வேறு கார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரிட்டனில் எடுத்த காரை டப்ளினில் விட்டுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்தால், பொதுவாக அது நடக்காது. கார் பதிவான நாட்டுக்கே திரும்ப வேண்டும். அதாவது காருக்கான கப்பல் கட்டணம் போக வர இருமுறை. அந்தப் பணத்தில் டப்ளினில் சில நாட்களுக்கு இன்னொரு கார் எடுத்துவிடலாம்.

வானிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 டிசம்பரில் வீசிய ‘டாரா’ புயலின்போது ஹோலிஹெட் துறைமுகம் சேதமடைந்து மூடப்பட்டது. கிறிஸ்துமஸ் நெரிசலில் ஆயிரக்கணக்கானோர் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 16ஆம் தேதிதான் அதன் ஒரு பகுதி மீண்டும் திறந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆளாகப் போனவர் விமானத்தில் திரும்பிவிடலாம். கையில் வேறு நாட்டு வாடகைக் கார் இருப்பவருக்கோ, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலைதான்.

ஹோலிஹெட் ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து டப்ளின் வரை ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்தே ஒரே டிக்கெட் வாங்கலாம். ‘செயில்ரெயில்’ என்று கேட்டால் போதும். ஹோலிஹெட் வரை காரில் போகத்தான் ஆசை என்றால், காரை எங்கே ஒப்படைப்பது, அந்த அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். துறைமுக ஊர்களில் இருப்பவை சிறிய அலுவலகங்கள். கடைசிக் கப்பல் வரும்வரை அவை விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதில்லை.

டப்ளின் பக்கத்திலும் இதே எச்சரிக்கை தேவை. பெரிய வாடகை நிறுவனங்களின் முகப்புகள் விமான நிலையத்தில்தான் வரிசையாக உள்ளன. துறைமுகத்திலிருந்து டாக்சியில் அங்கே போய்க் கார் எடுப்பது பலருக்கும் வசதி.

பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கலாமா?

டப்ளினில் இறங்கியதும், “நான் ஓட்டுறேன்பா, எனக்கு வழி தெரியும்” என்று மகனோ மகளோ கை நீட்டுவது இயற்கை. ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால், அந்த நேரத்தில் நடக்கும் விபத்துக்குப் பாதுகாப்புக் கிடைக்காது. இரண்டாவது ஓட்டுநராகப் பெயரைச் சேர்க்கக் கட்டணம் உண்டு. 25 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பல நிறுவனங்கள் கூடுதலாக வசூலிக்கும் அல்லது மறுத்துவிடும். 70 வயதைத் தாண்டிய தாத்தா ஓட்டுவதாக இருந்தாலும் நிறுவனத்தின் வயது வரம்பை முதலில் கேட்டுவிடுங்கள்.

உரிமத்திலும் வேறுபாடு உண்டு. சுற்றுப்பயணியாக வருபவர் தம் நாட்டு உரிமத்தோடு அயர்லாந்தில் ஓட்டலாம். படிப்பதற்காக அங்கேயே தங்கியிருப்பவருக்கும் அதே விதி பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. புறப்படுமுன் மலேசியர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும், சிங்கப்பூரர்கள் அங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்திடமும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. வாடகை நிறுவனம் சட்டத்தைவிடக் கூடுதலாகவே தாள்களைக் கேட்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத எல்லை

டப்ளினிலிருந்து வடக்கே பெல்ஃபாஸ்ட் போகும் சாலையில் எல்லைச் சாவடி எதுவும் கிடையாது. ஆனால் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டியதும் பயணி பிரிட்டனுக்குள் வந்துவிடுகிறார். வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும். யூரோ பவுண்டாகும். வாடகைக் காரை வட அயர்லாந்துக்குக் கொண்டுபோக நிறுவனங்கள் பொதுவாக அனுமதித்தாலும், சில அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. இதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

2025 ஜனவரி 8 முதல் மலேசியரும் சிங்கப்பூரரும் பிரிட்டனுக்குப் போக ‘இடிஏ’ என்ற மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். அயர்லாந்துக்கு அது தேவையில்லை. எனவே நேராக டப்ளினுக்கு வந்து, அங்கிருந்து ஒரு நாள் காரில் பெல்ஃபாஸ்ட் போய் வரலாம் என்று நினைப்பவர்களுக்கும் இடிஏ வேண்டும். சாவடி இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது.

டோல் கட்டணமும் அப்படித்தான். டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50 நெடுஞ்சாலையில் 2008ஆம் ஆண்டு முதல் டோல் சாவடி இல்லை. கேமரா மட்டுமே காரின் எண்ணைப் பிடிக்கிறது. மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து, ஊர் திரும்பிய பிறகு கடன்பற்று அட்டையில் வந்து நிற்கும். கார் எடுக்கும்போதே, “எம்50 டோலை நீங்கள் கட்டுவீர்களா, நாங்கள் கட்ட வேண்டுமா?” என்று கேட்டால் விஷயம் முடிந்தது.

கையெழுத்துப் போடுமுன்

கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. இந்தக் காரை எந்த நாட்டில் ஓட்டலாம்? கப்பலில் ஏற்றலாமா? கடலில் சேதமானால் யார் பொறுப்பு? யார் யார் ஓட்டலாம்? எக்சஸ் எவ்வளவு? டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் அதில் அடங்குமா? திருப்பித் தரத் தாமதமானால் என்ன கட்டணம்? அயர்லாந்தில் எக்சஸ் ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தொகை காரை ஒப்படைக்கும்வரை முதன்மை ஓட்டுநரின் கடன்பற்று அட்டையில் முடக்கப்படலாம். அட்டையில் அதற்கு இடம் இல்லையென்றால், பணம் முழுவதும் கட்டியிருந்தாலும் சாவி கைக்கு வராது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். கடல் கடக்கும் காருக்கு அந்த ஆழம் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் அது. ஒரு நாள் வசதிக்காக அதைப் பணயம் வைப்பதைவிட, இரண்டு கரையில் இரண்டு கார் எடுப்பது எவ்வளவோ மேல்.